கட்டுப் போட்ட காலும் கட்ட வேண்டிய தவணையும்

(மாதப் பாடம். கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு, நடுவில் நிறுத்திப் பேசிக்கொள்ளலாம்.)



ஆட்டையாம்பட்டியில் இருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் ரோட்டில்தான் பிழைப்பு. சேலத்துக்கு வேலைக்குப் போகிற பையன், ராசிபுரம் பக்கம் தறிக்கு நூல் கொண்டுபோகிற பையன், திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி வடநாட்டுக்குப் போர் போடப் போகிற பையன் என்று எல்லா வீட்டிலும் ஒருத்தர் இருக்கிறார். அவர்களில் ஒருவர் அடிபட்டு, பெரிய ஆபரேஷன் ஆகி, காலில் ராடு வைத்து வீட்டுக்கு வந்தால் அந்தக் குடும்பத்தை நம் குழு எப்படித் தாங்கிப் பிடிப்பது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

முதல் நாள் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சேதி கேட்டதும் ஊரே ஆஸ்பத்திரிக்கு ஓடும். ஹார்லிக்ஸ் பாட்டில், சாத்துக்குடி, பிரட்டு என்று கட்டிலுக்கு அடியில் குவியும். பத்தாம் நாள் சொந்தக்காரர்கள் மட்டும் வருவார்கள். நாற்பதாம் நாள் அந்த வீட்டுப் படியேறி யாரும் வர மாட்டார்கள். ஆனால் கஷ்டம் ஆரம்பிக்கிறதே நாற்பதாம் நாளில்தான். தொடை எலும்பு உடைந்தால் அது கூடுவதற்கே மூன்று மாதத்தில் இருந்து ஆறு மாதம் ஆகும். அதற்குப் பிறகு நடை பழக வேண்டும், பழைய வேலைக்குத் திரும்ப வேண்டும். வேறு எலும்பும் சேர்ந்து உடைந்திருந்தால் ஒரு வருஷம்கூட ஆகும். கையில் இருக்கிற காசு, நகை, உறவுக்காரர்களின் பொறுமை எல்லாம் முதல் மாதத்திலேயே தீர்ந்து போகும்.

ஆகவே உதவி என்றால் நாம் நினைக்க வேண்டியது முதல் நாளை அல்ல, இரண்டாம் மாதத்தை.

ஒரு வீட்டில் இரண்டு சம்பளம் நிற்கும்

பையனின் வருமானம் நின்றுவிட்டது என்று எல்லோரும் பேசுவார்கள். அவன் அம்மாவின் வருமானமும் சேர்ந்து நின்றதை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது அவர்தானே. தறிக்கூடத்தில் தார் சுற்றிக்கொண்டு இருந்தவரோ, முறுக்கு சுற்றிக்கொண்டு இருந்தவரோ, வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருப்பார். போக வர பஸ், டீ, சாப்பாடு என்று தினமும் செலவு வேறு. வரவு இரண்டு பக்கம் நிற்கும், செலவு மூன்று பக்கம் ஏறும்.

நம் கூட்டமைப்பில் ஒரு அக்கா இருக்கிறார். பேர் வேண்டாம், அவரும் இதைப் படிப்பார். மகன் வண்டியில் இருந்து விழுந்து தொடையில் ஆபரேஷன். அக்கா வீட்டிலேயே கைமுறுக்கு சுற்றி இரண்டு கடைக்குப் போட்டுக்கொண்டு இருந்தவர். நம் ஊர் முறுக்குக்கு வெளியூரில் இருக்கிற பேர் உங்களுக்குத் தெரியும். அந்தப் பேர் ஊருக்குத்தான், தனித்தனியாக யாருக்கும் இல்லை. ஒரு வாரம் சரக்கு வரவில்லை என்றால் கடைக்காரர் அடுத்த வீட்டில் வாங்கிக்கொள்வார். ஒரு தடவை விட்ட கடையைத் திரும்பப் பிடிப்பது சாதாரணம் இல்லை.

அந்தக் குழு என்ன செய்தது என்றால், பணம் வசூல் பண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் முறை போட்டது. திங்கள், வியாழன் இரண்டு பேர் அக்கா வீட்டு மாவை எடுத்து, அவர் கைப்பக்குவத்திலேயே சுற்றிச் சுட்டு, அதே கடைகளில் போட்டார்கள். மாவு, எண்ணெய்ச் செலவு போக மிச்சம் அக்காவுக்கு. முறுக்கு முதல் வாரம் கொஞ்சம் கோணலாக வந்தது, கடைக்காரரும் இரண்டு வார்த்தை பேசினார். பரவாயில்லை. ஏழு வாரம் ஓட்டினார்கள். அக்கா திரும்பி வந்தபோது கடை அவருக்காகக் காத்திருந்தது. இரண்டாயிரம், மூவாயிரம் வசூல் பண்ணிக் கொடுத்திருந்தால் அது பத்து நாளில் மருந்துக் கடைக்குப் போயிருக்கும்.

இதை மற்ற வேலைக்கும் பொருத்திப் பாருங்கள். மாடு வைத்திருப்பவர் என்றால் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றும் முறை. தையல் என்றால் எடுத்த துணியைத் தைத்துக் கொடுக்கும் முறை. அந்த நேரத்தில் மாட்டை விற்றுவிடலாம், மெஷினை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு வரும். அவசரத்தில் விற்கிற பொருளுக்கு வாங்குகிறவர் வைத்ததுதான் விலை. சம்பாதித்துக் கொடுக்கிற பொருளை விற்காமல் பார்த்துக்கொள்ளுவது குழுவின் முதல் வேலை என்றே நாங்கள் சொல்லுவோம். நகை அடகு வைக்க வேண்டி வந்தால் பாங்கிலோ கூட்டுறவு சங்கத்திலோ வைக்கச் சொல்லுங்கள்.

கடன் பேச்சு

இது கொஞ்சம் கசப்பான பகுதி. உறுப்பினருக்குக் குழுவில் பழைய கடன் ஒன்று ஓடிக்கொண்டு இருக்கும். தவணை கட்ட முடியாது. கட்ட முடியாதவர் கூட்டத்துக்கு வர வெட்கப்படுவார். இரண்டு கூட்டம் வராதவரைப் பற்றி மூன்றாவது கூட்டத்தில் பேச்சு கிளம்பும். அப்புறம் அவர் வரவே மாட்டார். இப்படித்தான் நல்ல உறுப்பினர்களைக் குழுக்கள் இழக்கின்றன.

எனவே அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஊக்குநரும் பிரதிநிதிகளும் அவர் வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய், "அக்கா, தவணையைப் பத்தி இப்ப நினைக்காதீங்க, நாங்க தீர்மானம் எழுதிக்கிறோம்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னால் போதாது, தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். எத்தனை மாதத்துக்கு வட்டி மட்டும் வாங்குவது, அசல் எந்த மாதத்தில் இருந்து, பாங்குக் கடனாக இருந்தால் அவர் பங்கை அதுவரை யார் பொறுப்பது என்று தேதி போட்டு எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாத இரக்கம் பின்னால் சண்டையில்தான் முடியும். பாங்குத் தவணை நின்றால் குழுவின் அடுத்த கடனே பாதிக்கும் என்பதால், மேலாளரிடம் முன்கூட்டியே தீர்மான நகலுடன் போய்ப் பேசுவது நல்லது.

புதுக் கடன் வேண்டும் என்றால் குழுவின் உள்கடன். ஏன் என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறோம். 60,000 ரூபாய் பத்து வட்டிக்கு வெளியில் வாங்கினால் மாதம் 6,000 ரூபாய் வட்டி. ஆறு மாதத்தில் 36,000. அசல் அப்படியே நிற்கும். அதே 60,000 குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு என்றால் மாதம் 600, ஆறு மாதத்துக்கு 3,600. வித்தியாசம் 32,400 ரூபாய். அந்தப் பணம் கையில் இருந்தால் அந்த வீடு எத்தனை மாதம் சாப்பிடலாம் என்று உங்களுக்கே தெரியும்.

குழுவில் அவ்வளவு பணம் இல்லை என்றால் கூட்டமைப்பில் கேளுங்கள். ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளில் இப்படி அடிபட்ட, நோயில் விழுந்த குடும்பங்களுக்கு என்றே நலிவு நிலை குறைப்பு நிதி வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. 1989-ல் தருமபுரியில் தொடங்கி சில வருஷத்தில் நம் சேலத்துக்கு வந்த மகளிர் திட்டத்தில், முதல் குழுக்கள் வாரம் ஐந்தும் பத்துமாகச் சேமித்தது எதற்காக? அரிசி இல்லாத நாளுக்கும், ஆஸ்பத்திரிக்கு ஓடும் நாளுக்கும்தான். லோன் வாங்கித் தொழில் செய்வது எல்லாம் அப்புறம் வந்தது.

கந்து வட்டி, மீட்டர் வட்டி எல்லாம் 2003-ல் வந்த தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டத்தின்படி குற்றம். கடன் கொடுத்த கம்பெனி ஆட்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து மிரட்டுவதைத் தடுக்கவும் 2025-ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. வாசலில் உட்காருகிறவரிடம் தனியாக அம்மா மட்டும் பேசாமல், குழுவில் நான்கு பேர் சேர்ந்து நின்று பேசினால் பாதிப் பிரச்சினை அங்கேயே அடங்கும்.

பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தாதீர்கள்

இதற்குத் தனித் தலைப்பு போட்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அண்ணன் படுத்துவிட்டான், அம்மா வேலைக்குப் போக வேண்டும், யார் பக்கத்தில் இருப்பது? பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிற தங்கச்சி. "ரெண்டு மாசம்தானே, அப்புறம் போவா" என்பார்கள். ரெண்டு மாதம் நின்ற பிள்ளை பெரும்பாலும் திரும்பப் போவதில்லை. வீட்டில் இருக்கிறாளே என்று மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். காலை ஒன்பதில் இருந்து மாலை நான்கு வரை அந்த வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பன்னிரண்டு பேர் குழுவில் ஆளுக்கு மாதம் இரண்டு பகல் என்றால் இருபத்து நான்கு நாள் ஆகிவிட்டது. வேலை செய்துகொண்டே உட்காரலாம், பூ கட்டலாம், புளி தட்டலாம். அந்தத் தம்பிக்கும் பேச்சுத் துணை.

வீட்டில் பார்த்துக்கொள்ளும் முறை

ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பும்போது நர்சம்மா வேகமாகச் சொல்லுவார்கள், பாதி காதில் விழாது. அதனால் வீட்டுக்கு அழைத்து வரும் நாளில் குழுவில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் கூடப் போய், கேள்வி கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எந்த மாத்திரை எந்த வேளை, எத்தனை நாள்? தையல் பிரிக்க எப்போது வர வேண்டும்? காலை ஊன்றலாமா, கூடாதா, பாதி ஊன்றலாமா? இந்தக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். ராடு வைத்தவருக்கும் பிளேட் வைத்தவருக்கும் பதில் வேறு வேறாக இருக்கும். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு மாதத்தில் நடந்தான் என்று நம் பையனை எழுப்பி நிறுத்தக் கூடாது. ஊன்றச் சொல்லிவிட்டார்கள் என்றால் பயந்துகொண்டு படுக்கவே வைத்திருப்பதும் தப்பு.

படுத்தே இருக்கிறவருக்குப் பெரிய எதிரி படுக்கைப் புண். இடுப்புக்குக் கீழே, புட்டம், குதிகால், தோள்பட்டை இவையெல்லாம் கட்டிலில் அழுந்தும் இடங்கள். தானாகத் திரும்ப முடியாதவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை நிலை மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும்தான். தினமும் துடைக்கும்போது அந்த இடங்களைக் கண்ணால் பாருங்கள். சிவந்து, அழுத்தினாலும் நிறம் மாறாமல் இருந்தால் அதுதான் புண்ணின் ஆரம்பம். அந்தப் பக்கம் எடை விழாமல் படுக்க வைத்து, உடனே நர்சிடம் காட்டுங்கள். ஈரத் துணி, சுருங்கிய பெட்ஷீட், பிளாஸ்டிக் விரிப்பு நேராக உடம்பில் படுவது எல்லாம் புண்ணை வரவழைக்கும்.

அடுத்தது சாப்பாடு. "தையல் போட்ட உடம்பு, முட்டை கொடுத்தா சீழ் பிடிக்கும், கறி கொடுத்தா புண்ணு ஆறாது, பருப்பு வாயு" என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லி, கடைசியில் பையனுக்கு ரசம் சோறுதான் மிஞ்சும். அடிபட்ட உடம்பு தசையையும் எலும்பையும் புதிதாகக் கட்டிக்கொண்டு இருக்கிறது. அதற்குச் செங்கல் மாதிரிதான் முட்டை, பருப்பு, பால், சுண்டல், மீன், கறி எல்லாம். ராகிக் களியோ கூழோ எலும்புக்கு நல்லது, முருங்கைக் கீரை கொல்லையிலேயே இருக்கும். சர்க்கரை, கிட்னி வியாதி உள்ளவர் என்றால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வெளிக்குப் போக எழுப்ப வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. அது மலச்சிக்கலில் கொண்டுபோய் விடும். பீடி, சிகரெட், குடி மூன்றும் எலும்பு கூடுவதைத் தள்ளிப்போடும். ஆறுதல் சொல்ல வருகிற கூட்டாளிகள் சட்டைக்குள் ஒளித்து எடுத்து வருவதைக் கவனியுங்கள்.

கக்கூஸ் பிரச்சினையை யாரும் பேச மாட்டார்கள், ஆனால் அதுதான் தினமும் இருக்கிற பிரச்சினை. காலை மடக்கி உட்கார முடியாது. ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலி, உறுதியானதாகப் பார்த்து, நடுவில் வட்டமாக வெட்டி, ஓரத்தைத் தேய்த்து மழுக்கி, கக்கூஸ் பேசின் மேல் வைத்தால் போதும். ஆள் உட்காருவதற்கு முன் நாம் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். வாக்கர், ஊன்றுகோலைக் குழுவில் ஒரு செட் வாங்கி வைத்தால் வீடு வீடாகப் பயன்படும்.

ஆபரேஷன் ஆன இடத்தில் எண்ணெய் போட்டு நீவுவது, கட்டைப் பிரித்துவிட்டு நாட்டுக்கட்டு போடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே ராடும் ஸ்குருவும் இருக்கின்றன. நீவினால் நகரும்.

எப்போது பயப்பட வேண்டும்? தையல் இடம் சிவந்து சூடாகி, சீழோ நாற்றமோ வந்தால், குளிர் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அதுவும் அன்றைக்கே, ஏனென்றால் அது ரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம். திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் ஒரு நிமிஷம்கூடப் பார்க்காமல் 108. கால் விரல் மரத்துப்போய், நீலமாகிச் சில்லென்று ஆனாலும் அப்படியே.

உடற்பயிற்சிக்கு வாரம் வாரம் சேலம் போக முடியாதே என்பீர்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் சேர்த்தி. அதில் வீடு வீடாக வருகிற பெண் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுக்களில் இருந்தே எடுக்கப்பட்டவர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் கொடுத்துப் பதிந்துகொள்ளுங்கள்.

வாயால் வருகிற புண்

படுத்திருக்கிறவன் இருபத்திரண்டு வயசு ஆம்பிளைப் பிள்ளை. அவனை அம்மா துடைத்துவிட வேண்டி இருக்கிறது. அவன் எரிந்து விழுவான், தட்டைத் தள்ளுவான், "என்னைச் சாகவிட்டிருக்கலாமே" என்பான். அந்த வார்த்தை வந்தால் கோபத்தில் சொல்லுகிறான் என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, என்னப்பா நினைக்கிறே என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் எண்ணம் வளராது. 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். மாத்திரை டப்பா, பூச்சி மருந்து கைக்கெட்டாத இடத்தில் இருக்கட்டும். ராத்திரி அவனைத் தனியாக விட வேண்டாம்.

அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் ஊர் வாய் மருமகள் பக்கம் திரும்பும். "அவ காலெடுத்து வெச்ச நேரம்" என்று யாராவது சொல்லுவார்கள். வண்டி வழுக்கியது மணலில், அவள் காலில் இல்லை. வேறு சிலர், "நீதானே வண்டி வாங்கிக் கொடுத்தே" என்று அம்மாவைக் குத்துவார்கள். பார்க்க வந்தவர்கள் பேசுகிற பேச்சுதான் பல வீட்டில் ஆபரேஷனைவிடப் பெரிய காயம். குழு உறுப்பினர் பார்க்கப் போனால் இந்தப் பேச்சைப் பேசுவதில்லை, யாராவது பேசினாலும் வெட்டிவிடுவது என்று நாம் ஒரு தீர்மானமே போட்டுக்கொள்ளலாம்.

அம்மாவையும் பாருங்கள். பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அந்த மாதங்களில் கட்டாயம் விட்டிருப்பார். "நீங்க மாத்திரை போட்டீங்களா?" என்று யாராவது ஒருவர் தினமும் கேட்க வேண்டும்.

ஆய்க்குடியும் வேலூரும்

எல்லாப் பிள்ளையும் பழையபடி எழுந்து நடப்பான் என்று நாங்கள் சொல்லவில்லை. முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள் சிலர் நடக்க மாட்டார்கள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் கல்லூரி மாணவர். 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூர் போய், உடல்திறன் சோதனையின்போது விழுந்ததில் கழுத்துத் தண்டுவடம் போனது. கழுத்துக்குக் கீழே அசைவு இல்லை. ராணுவ ஆஸ்பத்திரியில் அவரைக் கவனித்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் கொடுத்த தைரியத்தை மறக்காமல், 1981-ல் சொந்த ஊரில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குத் தொடங்கிய அமைப்புக்கு அந்த டாக்டர் பேரையே வைத்தார். அதுதான் அமர் சேவா சங்கம். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு இடமும் இப்போது அங்கே இருக்கிறது. 2020-ல் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள்.

விபத்துக்கும் அந்தச் சங்கத்துக்கும் நடுவில் ஆறு வருஷம். விருது வாங்கிய செய்தி பேப்பரில் வரும். கழுத்துக்குக் கீழே அசையாத ஒருவருக்கு அந்த ஆறு வருஷமும் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, புண் வராமல் திருப்பிப் படுக்க வைத்த கைகளைப் பற்றி எந்தப் பேப்பரிலும் தலைப்பு வராது. அந்தக் கைகள் நம் உறுப்பினர்களுடைய கைகள் மாதிரியானவைதான்.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இரண்டு காலும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆபரேஷன் செய்தவர். அவர் முயற்சியில் 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மருத்துவமனை வந்தது. அதுவரை நம் நாட்டில் இப்படி அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பினால் வீட்டு மூலையில் கிடத்துவதுதான் வழக்கமாக இருந்தது. முதுகுத்தண்டு காயம் உள்ள பிள்ளை யார் வீட்டிலாவது இருந்தால், இனி ஒன்றும் ஆகாது என்று விடாமல், மறுவாழ்வு மருத்துவம் எங்கே கிடைக்கும் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

காகிதங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம், ஆனால் சுருக்கமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தமிழ்நாட்டில் ரோடு விபத்து என்றால் முதல் 48 மணி நேரத்துக்கு "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. 2021 டிசம்பரில் வந்தது. அரசு ஆஸ்பத்திரியோடு, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். ரேஷன் கார்டு, வருமானம் எதுவும் கேட்கக் கூடாது. வெளி மாநிலத்தில் ரிக் வண்டியோடு போய் மோட்டார் விபத்தில் அடிபட்டால், 2025-ல் வந்த மத்திய அரசின் திட்டத்தில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்ச ரூபாய் அளவுக்குப் பணம் கட்டாமல் சிகிச்சை பெற வழி இருக்கிறது. அதற்குப் பிறகு முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு. சந்தேகம் இருந்தால் 1800 425 3993. அட்டை இல்லாதவர்கள் அடிபட்ட பிறகு ஓடாமல் இந்த மாதமே எடுத்துவிடுங்கள். ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்கிற பையன் என்றால் இ.எஸ்.ஐ. இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொரு வண்டி மோதியிருந்தால் போலீசில் எழுதிய எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரியின் காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, எல்லா பில்லும் ஒரு மஞ்சப் பையில் போட்டு வையுங்கள். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் நஷ்டஈட்டு வழக்குப் போட வேண்டும் என்று 2022-ல் இருந்து சட்டம் சொல்கிறது, தள்ளிப்போடாதீர்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து, "கேஸை நான் பார்த்துக்கிறேன், ஒரு கையெழுத்து போடுங்க" என்று கேட்கிறவரிடம் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-ல் கேட்கலாம். மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால்கூட, பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு இரண்டு லட்சமும் கிடைக்க வழி இருக்கிறது. தாலுக்கா ஆபீசில் கேளுங்கள்.

பாங்கில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கிற விபத்துக் காப்பீடு நம்மில் பலருக்கு இருக்கிறது, வீட்டுப் பிள்ளைகளுக்கும் இருக்கிறதா? அது உயிரிழப்புக்கும், கை, கால், கண் நிரந்தரமாகப் போனால் மட்டும்தான். ஆறுகிற எலும்பு முறிவுக்கு வராது. ஆறாமல் போனால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அந்த அட்டைதான் மற்ற உதவிகளுக்கு எல்லாம் வாசல்.

கூட்டத்தில் பேச வேண்டியவை

உங்கள் குழுவில் இப்போது இப்படி ஒரு வீடு இருக்கிறதா? கடைசியாக யார், எப்போது அந்த வீட்டுக்குப் போனீர்கள்? அவர் தவணை பற்றித் தீர்மானம் எழுதியாகிவிட்டதா, வாய்ப் பேச்சாகவே நிற்கிறதா?

நாளைக்கே உங்களில் ஒருவர் மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாமல் ஆனால், அவர் வேலையைச் செய்யத் தெரிந்தவர் குழுவில் எத்தனை பேர்? ஒருத்தரும் இல்லை என்றால் யார் கற்றுக்கொள்வது?

மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் கை தூக்குங்கள். பேரை எழுதி, யார் யாரோடு சேர்ந்து கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றுக்குப் போவது என்று கூட்டம் கலைவதற்குள் தேதி குறியுங்கள். பேசியதைத் தீர்மான நகலாகக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தால், வாக்கர், ஊன்றுகோல் எத்தனை செட் வாங்குவது என்பதை அடுத்த செயற்குழுவில் வைத்து முடிவு செய்வோம்.